மொழியாசிரியப் பணியும் அயல்நாட்டு உயர்கல்வியும்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மொழி கற்பிக்கும் தொழிலைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். மருத்துவமும் பொறியியலும் போற்றப்படும் நம் வீடுகளில் மொழியாசிரியர் வேலை என்றால் சற்று இளக்காரந்தான். ஆயினும் மொழி என்னும் வாயிலில்தான் நம்மவர் பலகாலும் தடுக்கப்பட்டனர். பள்ளியில் சமஸ்கிருதம் பயில விரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கு அது மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். 1913 இல் பரோடா மன்னரின் உதவித்தொகையாகத் திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன் பெற்றுக் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். ஜெர்மன் மொழியும் கற்றார். மறுக்கப்பட்ட சமஸ்கிருதத்தையும் பின்னாளில் தம் முயற்சியாலேயே பயின்றார். நம் சென்னையில் எம்.சி. இராஜா அவர்களும் பள்ளியாசிரியராய் இருந்து பொதுவாழ்வுக்கு வந்தவரே.

வகுப்பில் வாய் திறந்ததும் எழுந்த சிரிப்பொலியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். நம் பிள்ளை ‘இஸ்கூல்’ என்றால் நகைக்கின்றனர். தமிழ்ச் சொல்லின் முதலில் மெய்கள் இணைந்து வருவதில்லை. ஆதலின் நா ஓர் உயிரெழுத்தை முன்னே இட்டுக்கொள்கிறது. புலவர் ‘இராமன்’ என்று எழுதினால் இலக்கணம். நம் பிள்ளை ‘இஸ்கூல்’ என்றால் கேலி! காரணமறிந்த ஆசிரியர் நகைக்கமாட்டார். திருத்தும் வழியைக் காண்பார். இடறி விழுந்து மொழி கற்ற நமக்கு, மாணவர் இடறும் இடம் தெரியும். அதுவே இத்தொழிலில் நம் முதல்.

பள்ளிப் பணிக்குப் பட்டத்துடன் பி.எட். வேண்டும், கல்லூரிக்கு முதுகலையும் நெட் போன்ற தகுதித் தேர்வும். ஐதராபாத்தில் 1958 இல் தோன்றிய ஆங்கில நிறுவனம், 2007 முதல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. அயல்நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்க விழைவோர்க்குக் கேம்பிரிட்ஜின் செல்ட்டா சான்றிதழ் உதவும். சுமார் 120 மணி நேரப் பயிற்சி. அதில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்முன் நின்று பாடம் நடத்தவேண்டும். ஏட்டுக் கல்வி மட்டும் அங்கே செல்லாது.

உயர்கல்விக்கு நடுவணரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55 முதல் உள்ளது. ஆனால் 2022 இல் வந்த நெறிமுறைகள், இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வுதவி இல்லை என்றன. நம் வரலாற்றை அயல்நாட்டில் ஆராய நமக்கே உதவியில்லை! இதனை எதிர்த்து நாம் குரல் எழுப்பியே ஆகவேண்டும். எனினும் வயது வரம்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை. இரண்டாம் மொழி கற்றல், மொழித்திறன் தேர்வு, பயன்பாட்டு மொழியியல் ஆகிய துறைகளில் இத்தடையில் சிக்காத தலைப்புகள் உண்டு. அவற்றையும் எண்ணிப் பாருங்கள்.

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் ஈராண்டுகளே செல்லும்; முன்கூட்டியே எழுதி வீணாக்காதீர்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கடைசி நாளில் கிடைப்பவை அல்ல என்பதை நாம் பட்டறிந்துள்ளோம். விண்ணப்பக் கட்டுரையை எழுதியவுடன் கொண்டு வாருங்கள். ஞாயிறுதோறும் மாலையில் இக்கழகக் கட்டடத்தில் மூத்தவர் சிலர் அமர்ந்திருப்போம். வரி வரியாகச் சேர்ந்து படிப்போம்.