நம் வரவேற்பறைச் சுவருக்கு ஒரு படம்

(நமது குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைய கூட்டத்தில் நாம் முடிவு செய்ய வேண்டியவற்றில் ஒன்று, கீழ்த்தள வரவேற்பறைக்குப் படங்கள் வாங்குவது. ஆன்லைனில் அச்சடித்த படங்கள் மலிவாகக் கிடைக்கின்றன, நான்கு வாங்கி மாட்டிவிடலாம் என்பது ஒரு யோசனை. வெள்ளைக் குதிரை, அருவி, புத்தர் முகம் எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் திருவண்ணாமலையில் குடியிருந்துகொண்டு, எங்கோ அச்சான படத்தை மாட்டத்தான் வேண்டுமா? அதைப் பற்றிக் கொஞ்சம் பேச அனுமதி கேட்டேன். நான் ஓவியம் படித்தவன் அல்ல, பி.காம். படித்து வங்கியில் கணக்கு எழுதியவன். ஆகவே கணக்குப் பக்கத்திலிருந்தே பேசுகிறேன்.

முதலில் நம் ஊர்க் கோபுரம். 217 அடி உயர ராஜகோபுரத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்த வேலை அது. வடக்குக் கோபுரத்தைத்தான் நீங்கள் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். அம்மணி அம்மாள் என்ற துறவி வீடு வீடாகச் சென்று நன்கொடை கேட்டு அதைக் கட்டி முடித்தார் என்பார்கள். பணம் தீர்ந்தபோது வேலையாட்களுக்குத் திருநீறு கொடுத்தார், அது அவரவருக்கு உரிய கூலியாக மாறியது என்றும் ஒரு கதை உண்டு. அதில் அதிசயத்தைவிட எனக்குப் பிடித்தது, வேலை செய்தவனுக்குக் கூலி நின்றுவிடக் கூடாது என்ற அந்த அம்மாளின் கவலை. ராஜா இல்லாவிட்டாலும் ஊர் மக்களின் சில்லறைக் காசில் கோபுரம் எழும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

இரண்டாவது உதாரணம் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. சோழமண்டலம் ஓவியர் கிராமம். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் 1966-இல் தொடங்கியது. படித்து முடித்த ஓவியர்கள் பிழைப்புக்காக ஏதோ ஓர் ஆபீஸ் வேலைக்குப் போய், வரைவதையே விட்டுவிடுகிறார்களே என்பதுதான் பணிக்கரின் கவலை. அதற்கு அவர்கள் கண்ட வழியைப் பாருங்கள். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தைச் சேர்த்து, அன்று வெறும் மணலாகக் கிடந்த கடற்கரையில் சுமார் 10 ஏக்கர் வாங்கினார்கள். மனை பிரித்து வீடு கட்டிக்கொண்டார்கள். கைவினை வருமானம் அடுப்பை எரிய வைத்தது, ஓவியம் அவர்கள் விருப்பப்படி வளர்ந்தது. இன்று அங்கே ஓவியக்கூடமும், சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகமும் இருக்கின்றன. ஜே. சுல்தான் அலி, எஸ். நந்தகோபால், எம். சேனாதிபதி போன்றவர்கள் அங்கே வாழ்ந்து வேலை செய்தவர்கள்.

இந்த இரண்டிலும் நான் பார்ப்பது ஒன்றுதான். யாராவது சின்னச் சின்னத் தொகையாகக் காசு கொடுத்து வாங்கும் இடத்தில்தான் கலை தங்கும். பாராட்டு மட்டும் இருந்தால் கலைஞன் வேறு வேலை தேடிப் போய்விடுவான்.

நம் ஊரில் யாரிடம் வாங்குவது என்று கேட்பீர்கள். செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு மாலை நிதானமாக நடந்து பாருங்கள். தங்கி வரைபவர்கள், புகைப்படம் எடுப்பவர்கள், கல்லில் செதுக்குபவர்கள் கண்ணில் படுவார்கள். சில காபிக் கடைச் சுவர்களே ஓவியக்கூடம் போல இருக்கும். கலைஞர்கள் இந்த ஊரைத் தேடி வருவது புதிதல்ல. உலகப் புகழ் பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன், 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது இங்கேதான் இருந்தார். பிறகு, முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் கலை இலக்கிய இரவை இந்த ஊர் மக்கள் விடிய விடியத் தெருவில் உட்கார்ந்து பார்த்ததும் உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

ஊரைத் தாண்டி மாவட்டத்துக்குள் போனால் இன்னும் இருக்கிறது. போளூர் பக்கம் திருமலையில் பாறையில் செதுக்கிய 50 அடிக்கு மேற்பட்ட நேமிநாதர் சிலையும், சமணக் குகை ஓவியங்களும். தேசூர் அருகே சீயமங்கலத்தில் மகேந்திரவர்மன் குடைந்த கோயில். செய்யாறு பக்கம் புரிசை, தலைமுறை தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் கிராமம். கூத்துப்பட்டறை ந. முத்துசாமிக்கு வழிகாட்டியது புரிசைக் கூத்துதான். மகாபாரதம் ஆடியவர்கள், கொலம்பிய எழுத்தாளர் மார்க்வெஸின் கதையையும் கூத்தாக ஆடியிருக்கிறார்கள். ஆரணியில் புவிசார் குறியீடு பெற்ற பட்டு, தறியிலேயே பார்க்கலாம்.

இப்போது நம் விஷயம். நம் குடியிருப்பில் 48 வீடுகள். வீட்டுக்கு 500 ரூபாய் என்றால் 24,000 ரூபாய். ஒரு குடும்பம் ஓட்டலுக்குப் போய்வரும் செலவுதான் இந்த 500. இந்தப் பணத்தில் அச்சுப் படம் நிறைய வாங்கலாம், உண்மைதான். ஆனால் நம் மாவட்டத்தில் வரையும் ஒருவரிடம் ஒரே ஒரு படம் வாங்கினால், கீழே அவர் கையெழுத்து இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வரும் நம் பிள்ளைகளுக்கு, 'இதை வரைந்தவர் இதே ஊரில் இருக்கிறார்' என்று காட்டலாம். நம் குடியிருப்பிலேயே வரைவதில் ஆசையுள்ள பிள்ளைகள் நான்கைந்து பேர் இருக்கிறார்கள். அது சோறு போடுமா என்று வீட்டில் கேட்கிறோம். போடும் என்று நாமே கொஞ்சம் காட்டலாமே.

வாங்குவதற்குச் சில ஒழுங்குகளைச் சொல்கிறேன். மூன்று பேர் கொண்ட குழு போகட்டும், அதில் ஒருவர் பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கட்டும். கலைஞர் வேலை செய்யும் இடத்துக்கே போய்க் குறைந்தது மூன்று பேரின் படைப்புகளைப் பார்க்கட்டும். விலையை எழுதி வாங்கி, பாதி முன்பணமும் மீதி படம் வந்த அன்றும் கொடுக்க வேண்டும். பேரம் பேசலாம், ஆனால் 'அபார்ட்மென்டில் மாட்டினால் உங்களுக்கு விளம்பரம்தானே' என்று இலவசமாகக் கேட்கக் கூடாது. பிளம்பரிடம் நாம் அப்படிக் கேட்பதில்லையே. சுவாமி படமாகத்தான் இருக்க வேண்டும், மலைதான் வேண்டும் என்று கட்டளை போடாமல் இருப்பதும் நல்லது.

வர விரும்புகிறவர்கள் ஒருநாள் பயணமாகச் சோழமண்டலம் போய்வரலாம். அதே சாலையில் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவையும் பார்க்கலாம், செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. நேரமிருந்தால் கண்ணகி நகருக்கும் ஒரு நடை. 2020-இல் அங்குள்ள அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். நம்மைப் போல மாடிக் குடியிருப்பில் வாழ்கிறவர்கள் பார்க்க வேண்டியவை அவை.

அச்சுப் படத் தீர்மானத்தை அடுத்த கூட்டம் வரை நிறுத்தி வைத்து, மூவர் குழு அமைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. குழுவில் சேர விரும்புவோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். வரவு செலவுக் கணக்கை நான் எழுதிக்கொள்கிறேன்.