கொல்லை மறைப்புக்கு எந்தக் கொடி?



கடன், வட்டி, சேமிப்புன்னு எல்லாரும் நல்லாப் பேசிட்டாங்க. நான் கொல்லையில குளிக்கிற இடத்தைப் பத்திப் பேசப் போறேன். சிரிக்காதீங்க. கழிப்பறை நிறைய வீட்டுக்கு வந்துடுச்சு. குளிக்கிறதுக்கு இன்னமும் பல வீட்டுல நாலு குச்சியும் பழைய சேலையும்தான். விடியறதுக்குள்ள எழுந்து ரெண்டு சொம்பு ஊத்திக்கிட்டு ஓடுறவங்க இங்கயே எத்தனை பேர் இருக்கீங்க! வயசுக்கு வந்த பொண்ணு இருக்கிற வீட்டைச் சொல்லவே வேணாம். பக்கத்துல ஒரு மாடி எழும்பிட்டா சேலை மறைப்பு இருந்தும் இல்லாத மாதிரிதான். இப்போ ஆளுக்கொரு கேமரா போன் வேற.

சுவர் வைக்கக் காசு சேர்ற வரைக்கும் கொடி நமக்குக் கைகொடுக்கும். பருத்திமார்த் தட்டி வச்சா கரையான் தின்னுடுது. கீற்றும் ரொம்ப நாள் தாங்கறதில்லை.

எல்லாரும் முதல்ல அவரையைத்தான் போடுவோம். ஆடியில ஊனினா ஐப்பசி, கார்த்திகை மழையில நல்லா மூடிக்கும், காயும் கிடைக்கும். ஆனா பங்குனி வெயில்ல கொடி காஞ்சு கம்பு மட்டும்தான் நிக்கும். பீர்க்கு, புடலை சீக்கிரம் ஏறும், ஆனா அடி இலைதான் முதல்ல பழுத்து உதிரும். நமக்கு மறைப்பு வேணுங்கிற உயரமே அதுதானே! அதனால இதுங்களைத் துணைக்கு வச்சுக்கலாம், நம்பி இருக்க முடியாது.

என் கணக்குல கோவைதான் முதல். வேலியில தானா வர்ற கசப்புக் கோவை இல்லை, கறிக்கோவை. நாலு கணு உள்ள முத்தின தண்டை நட்டாப் போதும். தண்ணி காட்டினா வருஷக்கணக்கா நிக்கும். மேலயும் கம்பி கட்டி ஏத்திவிட்டா மாடியில இருந்து பார்க்கிறவங்களுக்கும் மறைஞ்சிடும். கவாத்து பண்ணும்போது முழுசா வெட்டிடாதீங்க. இந்த மாசம் ஒரு பக்கம், தழைஞ்ச பிறகு மறு பக்கம். ஆடு விடாது, ஆள் உயரம் வர்ற வரைக்கும் அடியில முள்ளு கட்டணும். வாசல் பக்க மறைப்புக்கு முல்லையோ சங்குப்பூவோ போடலாம். முல்லை ஏற நாளாகும், பொறுமை வேணும். காகிதப்பூவுக்குத் தண்ணி கம்மி. ஆனா அந்தக் கனத்துக்குக் கல்லுக்கால் வேணும், குளிக்கிற இடத்துல முள்ளும் ஆகாது.

கம்புக்கு முருங்கைப் போத்து நடாதீங்க. மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி மேல விழுந்தா அரிப்பு தாங்க முடியாது. வெளிப்பக்கம் கிளுவைப் போத்து நடுங்க, அது வேர் பிடிச்சு நிக்கும். சோப்புத் தண்ணியைக் கொடியோட தூருக்கு நேரா விடாம, தள்ளி வாழைக்கோ உறிஞ்சுகுழிக்கோ திருப்பிடுங்க. தரையில இருந்து ஒரு முழத்துக்குக் கொடியைப் படர விடாம, அங்க செங்கல்லோ பலகைக்கல்லோ அடுக்குங்க. அடர்ந்த தழைக்குள்ள பாம்பு இருந்தா இருட்டுல தெரியாது. இதை மட்டும் மறந்துடாதீங்க.

சிமெண்ட் லாரி ஓடுற ரோட்டோரத்து ஊர்க்காரங்க இலை மேல அப்பப்போ தண்ணி அடிச்சுப் புழுதியைக் கழுவி விடுங்க.

கோவைத் தண்டு ஈரச் சாக்குல சுத்திக் கொண்டாந்திருக்கேன். வேணுங்கிறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து வாங்கிக்கோங்க, வீட்டுக்கு நாலு தண்டு தரேன்.