கோபம் நியாயம், குறி எங்கே?



ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனா நகரில் 2024 ஜூலையில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் சென்றார்கள். அவர்களில் சிலர், சாப்பாட்டுக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த அந்நிய தேசத்துப் பிரயாணிகள் மீது தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி, ஊருக்குப் போகும்படி கூவினார்கள்.

"விருந்தாளி தெய்வமாயிற்றே, இது தகுமா?" என்று சிலர் கேட்கலாம். விருந்தாளி தெய்வமுமல்ல, பேயுமல்ல, மனிதனேயாவான். வாடகை கொடுக்க மாட்டாமல் வீட்டை இழக்கின்றவனும் மனிதனே. ஆதலால் காரணம் என்னவென்று பார்க்க வேண்டாமா?

16 லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழும் அவ்வூரில் பத்து வருஷத்தில் வாடகை 68 சதவிகிதம் ஏறியதாக நகரத் தலைவரே 2024இல் சொன்னார். வீட்டுக்காரன், மாத வாடகைக்குத் தொழிலாளிக்கு விடுவதைவிட நாள் வாடகைக்குப் பிரயாணிக்கு விட்டால் லாபம் அதிகம் என்று கண்டுகொண்டான். அப்படி விடுவதற்கு 10,101 வீடுகளுக்கு லைசென்சும் இருந்தது.

இதில் நனைந்தவன் யார்? வருஷமெல்லாம் உழைத்து, ஒரு வாரம் ஊர் பார்க்க வந்தவனும் அதில் இருப்பான். லாபம் எடுத்தவன் மீது ஒரு சொட்டும் விழவில்லை. தண்ணீர் காய்ந்த பிறகு வாடகை காசளவாவது குறைந்ததா?

அந்த லைசென்சுகளை 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று 2024 ஜூனில் நகர சபை அறிவித்ததே, அதுதான் நோயின் மூலத்தைத் தொடுகின்ற காரியம். அது நிறைவேறும்படி காவலிருப்பதே அவ்வூரார் கோபத்துக்கு ஏற்ற வேலை என்பது நமது அபிப்பிராயம்.

நாம் சொல்லுவதாலேயே நம்பிவிடாதீர்கள். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்து, சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.