பெயின்ட்பால் மார்க்கர்: வாங்கும் முன், சுடும் முன்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆண்டு விழாவுக்குப் பெயின்ட்பால் விளையாட்டு வேண்டும், அதற்குச் சங்கப் பணத்தில் ஆறு மார்க்கர் வாங்கலாம் என்று நம் இளைஞர்கள் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. பணம் கொடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

மார்க்கர் என்பது காற்றழுத்தத்தில் சாயக் குண்டை எறியும் கருவி. முதலில் இது விளையாட்டுக்கு வந்ததல்ல. அமெரிக்காவில் மரங்களுக்கும் மாடுகளுக்கும் தூரத்திலிருந்து அடையாளமிடப் பயன்பட்டது. 1981-ல்தான் நியூ ஹாம்ப்ஷயரில் சிலர் அதை வைத்து விளையாடினார்கள். வழக்கமான குண்டு 0.68 அங்குலம், எடை சுமார் 3 கிராம். மூன்று கிராம்தானே என்று நினைக்காதீர்கள். விநாடிக்கு 300 அடி வேகத்தில் வந்து கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

அந்த 300 அடிதான் பொதுவாக ஏற்கப்பட்ட உச்ச வரம்பு. பல மைதானங்களில் 280-க்கும் கீழே வைக்கிறார்கள். வேகம் பாதியானால் அடியின் சக்தி கால் பங்காகிவிடும். சிறுவர்களுக்கென்று 0.50 அங்குலக் குண்டு போடும் மார்க்கர் தனியாக உண்டு. நம் பிள்ளைகளுக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

வேகத்தைக் குரோனோகிராஃப் என்ற கருவியில் அளக்க வேண்டும். ஒரு குண்டு சுட்டுப் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள், பத்தாவது சுடுங்கள். கேஷ் கவுன்டரில் கட்டின் மேல் நோட்டை மட்டும் பார்த்தா வாங்கினோம்? எண்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக வர வேண்டும். 260, 295, 240 என்று தாவினால் அந்த மார்க்கரை ஒதுக்கிவிடுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் வெயில் ஏற ஏற அழுத்தமும் ஏறும். காலை ஏழு மணிக்கு 270 காட்டியது, மே மாத மதியத்தில் 300-ஐத் தாண்டிவிடக்கூடும். ஆகவே காலையில் அளந்ததை மதியமும் அளக்க வேண்டும். ரெகுலேட்டர் உள்ள காற்றுச் சிலிண்டரில் இந்தத் தொல்லை குறைவு. விலை கூடினாலும் அதையே கேளுங்கள். சமையல் கேஸ் சிலிண்டரில் பார்ப்பது போல, இதிலும் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள்.

குண்டின் மேல்தோல் ஜெலட்டின். ஈரக்காற்றில் உப்பிவிடும், குழலுக்குள்ளேயே உடையும். குழலை மார்க்கரிலிருந்து தனியே கழற்றி, ஒரு குண்டைப் போட்டுப் பாருங்கள். தானாக உருண்டு விழுந்தால் தளர்வு. ஊதியும் நகராவிட்டால் இறுக்கம். உள்ளே நின்று, ஊதினால் வெளியே வர வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது முகமூடி. ஏஎஸ்டிஎம் எஃப் 1776 என்ற தரக்குறி உள்ள பெயின்ட்பால் முகமூடிதான் வேண்டும். நீச்சல் கண்ணாடி, பைக் ஹெல்மெட் எல்லாம் உதவாது. வேடிக்கை பார்க்கும் தாத்தா பாட்டிகளும் வலைக்கு வெளியேதான் நிற்க வேண்டும். விளையாட்டு நின்றதும் முதலில் குழல் வாயில் உறை, பிறகுதான் முகமூடியைக் கழற்றுவது.

ஆறு மார்க்கரை வாங்கி, வருடத்தில் ஒரு நாள் பயன்படுத்தி, மீதி நாள் ஜெனரேட்டர் அறையில் பூட்டி வைப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை. அதனால் இந்த முறை வாடகைக்கு எடுப்போம். அன்று காலையும் மதியமும் வேகம் அளக்கும்போது, எண்களை நோட்டில் எழுதும் வேலையை எனக்குக் கொடுங்கள்.