கடல் கடந்து படிக்கப் போகும் பிள்ளைகளும் மதுபான விதிகளும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் மதுவைப் பற்றியா பேசுவது என்று சிலர் நினைக்கக்கூடும். நாங்கள் குப்பி விளக்கில் படித்த காலத்தில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்பது எட்டாத கனி. இன்று இந்த மண்டபத்தில் இருக்கும் பெற்றோரில் பலர் பிள்ளையை அனுப்பிவிட்டீர்கள், அல்லது அனுப்ப ஆயத்தமாகிறீர்கள். மிளகாய்த்தூள், புழுக்கொடியல், குளிருடுப்பு எல்லாம் பெட்டியில் வைக்கிறோம். மதுவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்புவதில்லை. "எங்கட பிள்ளை அப்படிச் செய்யாது" என்பதோடு கதையை முடித்துக்கொள்கிறோம்.

பிள்ளை குடிக்காமல் இருக்கலாம். ஆனால் பக்கத்து அறையில் இருப்பவள் குடிப்பாள். அவள் விழுந்து கிடக்கும்போது என்ன செய்வது என்பது எங்கள் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கையில் 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்கக்கூடாது என்று 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுக்கும் 1979 ஆம் ஆண்டு விதி 2018 ஜனவரியில் நீக்கப்பட்டு, சில நாட்களிலேயே திரும்பவும் நடைமுறைக்கு வந்தது. அப்படியொரு நாட்டிலிருந்து போகும் பிள்ளை, புதுமுக மாணவர் வாரத்தில் முதல் நாளே மாணவர் சங்கக் கட்டடத்துக்குள்ளேயே மதுச்சாலை இருப்பதைக் காண்கிறாள். இங்கே விதியே இல்லை என்று அவளுக்குத் தோன்றும். உண்மையில் விதிகள் நிறைய உண்டு. அவற்றை மூன்றாகப் பிரித்துச் சொல்கிறோம்.

முதலாவது, நாட்டின் சட்டம். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வயது 18. கனடாவில் ஒன்ராறியோ உட்படப் பெரும்பாலான மாகாணங்களில் 19. அல்பேர்ட்டா, மனிற்றோபா, கியூபெக் மூன்றிலும் 18. ஜப்பானில் 20. அமெரிக்காவிலும் மலேசியாவிலும் 21. சாதாரண தரம் முடித்து 17 வயதில் அடிப்படைக் கற்கைநெறிக்கு இங்கிலாந்து போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் மதுபானம் வாங்குவது குற்றம். அவர்களுக்காக 18 வயதுத் தோழி வாங்கிக் கொடுப்பதும் குற்றம். சிங்கப்பூரில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கக்கூடாது.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தினதும் விடுதியினதும் விதி. நாட்டின் சட்டம் அனுமதிப்பதை விடுதி தடுக்கலாம். அமெரிக்காவில் வளாகம் முழுவதும் மதுவே கூடாத பல்கலைக்கழகங்கள் உண்டு. இதில் எங்கள் பிள்ளைகளுக்கு நல்லதொரு பக்கமும் இருக்கிறது. மது இல்லாத குடியிருப்பு வேண்டும் என்று கேட்டு எடுக்கும் வசதி பிரித்தானியாவில் சில பல்கலைக்கழகங்களில் உண்டு. விடுதி விண்ணப்பத்தை நிரப்பும்போதே அதைத் தேடிப் பாருங்கள். மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகள் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் மாணவப் பருவத்திலேயே மதுத் துர்ப்பாவனை, குடித்து வாகனம் ஓட்டியமை போன்றவை வைத்தியத் தொழிலுக்குத் தகுதியானவரா என்ற விசாரணைக்கு எடுக்கப்படலாம்.

மூன்றாவது, விசா. பல பெற்றோருக்கு இது தெரியாது. கனடாவில் 2018 டிசம்பரில் குடித்து வாகனம் ஓட்டுவதற்கான அதியுயர் தண்டனை 10 ஆண்டுச் சிறையாக உயர்த்தப்பட்டது. அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றங்களின் வரிசைக்குப் போய்விட்டது. மாணவ விசாவில் இருப்பவர் மட்டுமல்ல, நிரந்தர வதிவிடம் பெற்றவரும் நாட்டில் இருக்கும் தகுதியை இழக்க நேரலாம். அமெரிக்காவில் இந்தக் குற்றத்துக்காகக் கைதானாலே, தீர்ப்பு வருமுன்னரே விசா இரத்தாகலாம். இங்கிலாந்தில் குற்றவாளியாகக் காணப்பட்டால் குறைந்தது 12 மாதம் வாகனம் ஓட்டத் தடை. வாடகைக்கு எடுக்கும் மின் ஸ்கூட்டருக்கும் அதே சட்டம்தான்.

இரத்தத்தில் அனுமதிக்கப்பட்ட அளவும் இடத்துக்கு இடம் மாறும். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் இங்கிலாந்தில் 80 மில்லிகிராம், ஸ்கொட்லாந்தில் 50, அவுஸ்திரேலியாவில் 50. ஒன்ராறியோவில் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள சாரதிக்குப் பூச்சியம். அவுஸ்திரேலியாவில் பழகுநர் அனுமதிப்பத்திரக்காரருக்கும் பூச்சியம். இத்தனை எண்களையும் பிள்ளை பாடமாக்கத் தேவையில்லை. குடித்தால் வாகனத்தைத் தொடாதே, குடித்தவரின் வாகனத்தில் ஏறாதே. இந்த ஒரு வசனம் எல்லா நாட்டுக்கும் போதும்.

இனி நாங்கள் வைத்தியர்களாகச் சொல்ல வேண்டியது. இந்த மூன்று விதிகளையும் விட உடம்பின் விதி கடுமையானது. அதற்கு வயதும் தெரியாது, விசாவும் தெரியாது.

பிரித்தானியாவில் ஓர் அலகு என்பது 8 கிராம் மதுசாரம். ஒரு பைன்ட் சாதாரண பியரில் ஏறக்குறைய 2.3 அலகு, ஒரு போத்தல் வைனில் ஏறக்குறைய 10 அலகு இருக்கும். உடம்பு மணிக்கு ஏறக்குறைய ஓர் அலகைத்தான் அகற்றும். நள்ளிரவில் ஒரு போத்தலை முடித்தவருக்கு மறுநாள் காலை 9 மணி விரிவுரையிலும் இரத்தத்தில் மது இருக்கும். கோப்பி, குளிர்ந்த நீர்க் குளியல், தேசிக்காய்த் தண்ணீர் எதுவும் அதைக் கெதிப்படுத்தாது. பெண்ணின் உடம்பில் நீரின் பங்கு குறைவு. ஆகவே ஓர் ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தால் பெண்ணின் இரத்தத்தில்தான் மது கூடுதலாக ஏறும். வாரத்துக்கு 14 அலகுக்கு மேற்படாமல், அதையும் மூன்று நாளுக்கோ அதற்கு மேலோ பிரித்து என்பது 2016 முதல் பிரித்தானிய அறிவுரை. எந்த அளவும் பாதுகாப்பானது அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் சொன்னது. மார்பகப் புற்றுநோய்க்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. எனவே குடிக்காமல் இருப்பதே நல்லது என்பதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் அறிவுரையை அத்துடன் நிறுத்தினால் ஆபத்து. 2016 டிசம்பரில் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக மாணவர் ஒருவர், மாணவர் சங்கம் ஒன்றின் புதியவர்களைச் சேர்க்கும் சடங்கில் அளவுகடந்து குடித்து இறந்தார். அத்தகைய சடங்குகளைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே தடை செய்திருந்தது. எங்கள் ஊர்ப் பகிடிவதையின் இன்னொரு முகம் அது. உடனிருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். நித்திரை கொண்டால் தெளிந்துவிடும் என்று விட்டுவிட்டார்கள். விதி இருந்தது, உதவிக்கு அழைப்பதுதான் பிந்திப்போனது.

ஆகவே மாணவிகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். எழுப்பியும் எழும்பாமல் கிடத்தல், மூச்சு மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருதல், தோல் குளிர்ந்து உதடு நீலம் பாய்தல், மயக்கத்தில் வாந்தி, வலிப்பு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது நித்திரை அல்ல. பெருங்குறட்டையும் மூச்சுப்பாதை அடைபடுவதன் அறிகுறியாக இருக்கலாம். கடைசியாகக் குடித்ததன் பின்னரும் இரத்தத்தில் மது ஏறிக்கொண்டே இருக்கும். உடனே அம்புலன்சை அழையுங்கள். பிரித்தானியாவில் 999, அவுஸ்திரேலியாவில் 000, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911, ஐரோப்பிய நாடுகளில் 112. அவளை ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்கப் பார்க்க வேண்டாம். அம்புலன்ஸ் வரும்வரை தனியே விட வேண்டாம்.

அழைக்கத் தயங்குவது ஏன்? காசு, பொலிஸ், பல்கலைக்கழகம், எல்லாவற்றுக்கும் மேலாக "வீட்டுக்குத் தெரிஞ்சால்" என்ற பயம். இங்கிலாந்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை. 18 வயதைக் கடந்தவரின் மருத்துவ விபரத்தை அவருடைய சம்மதம் இல்லாமல் வைத்தியர்கள் வழமையாகப் பெற்றோருக்குச் சொல்வதும் இல்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களும் பல்கலைக்கழகங்களும் ஒரு படி மேலே போய், வயது குறைந்தவர் குடித்திருந்தாலும் உதவிக்கு அழைத்தால் அந்தக் குடிக்காக நடவடிக்கை எடுப்பதில்லை என்று விதி வைத்திருக்கின்றன. தண்டனைப் பயத்தில் ஓர் உயிர் போகக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

அதே விதியை எங்கள் வீடுகளிலும் வைக்க வேண்டும் என்பதே நாங்கள் இன்று கேட்பது. பிள்ளையை விமான நிலையத்தில் விடுமுன் இப்படிச் சொல்லுங்கள்: "பிள்ளை, முதலில அம்புலன்சுக்கு எடு, பிறகு எங்களுக்கு எடு. எந்த நேரமெண்டாலும் எடு. அன்றிரவு ஒரு கேள்வியும் கேக்க மாட்டம்." இது குடிக்கக் கொடுக்கும் அனுமதி அல்ல. குடிக்கக்கூடாது என்ற உங்கள் சொல் அப்படியே நிற்கட்டும். அந்தச் சொல்லை மீறிய இரவிலும் கதவு திறந்திருக்கிறது என்பதும் பிள்ளைக்குத் தெரிந்திருக்கட்டும்.

இன்னொன்றையும் தாய்மார் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நினைவிழந்து கிடக்கும் பெண்ணால் சம்மதம் கொடுக்க முடியாது. அந்த நிலையில் அவளுக்கு ஒருவன் தீங்கு செய்தால் குற்றம் அவனுடையது. அவள் குடித்திருந்தாள் என்பது அவனுக்கு மன்னிப்பு ஆகாது. யாரும் தெரியாமல் எதையும் கலந்துவிடாதபடி கையிலுள்ள குவளையைத் தன் கண் பார்வையிலேயே வைத்திருக்கவும் சொல்லிக்கொடுங்கள். குவளையில் சோடாவாக இருந்தாலும் அப்படித்தான். "வேண்டாம், நான் குடிப்பதில்லை" என்று சொல்ல ஒரு காரணமும் காட்டத் தேவையில்லை என்பதையும் சொல்லுங்கள்.

வெளிநாடுகளில் இருக்கும் கிளைச் சங்கங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இராப்போசன விருந்து வைக்கிறோம், கல்லூரிக்குக் காசு சேர்த்து அனுப்புகிறோம். அதனுடன், உங்கள் நகரத்துக்குப் படிக்க வரும் எங்கள் கல்லூரிப் பிள்ளைக்கு இரண்டு அக்காமாரின் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள். நடுச்சாமத்தில் அம்மாவுக்குச் சொல்ல முடியாததை அக்காவுக்குச் சொல்லலாம். அந்த அக்கா ஏச்சு எதுவும் இல்லாமல் வைத்தியசாலைக்குப் போய்ப் பக்கத்தில் இருந்தால் போதும். இந்தக் கல்லூரி விடுதியில் காய்ச்சல் வந்த இரவுகளில் மூத்த மாணவிகள் எங்களுக்குச் செய்ததும் அதுதான்.