பாய்தலும் பாய்ச்சுதலும்

திருச்சிற்றம்பலம்.

தீர்த்தமலை மேவிய தீர்த்தகிரீசுவரர் திருவடி போற்றும் மெய்யன்பர்களே! உயர்ந்த பாறையினின்று வீழும் இராம தீர்த்தத்தில் நீராடி வந்து அமர்ந்திருக்கின்றீர்கள். இந்நன்னாளில் ‘பாய்தல்’ என்னும் ஒரு சொல்லைச் சிந்திக்க எண்ணுகின்றோம்.

புலி பாய்கிறது, அம்பு பாய்கிறது, ஆறும் பாய்கிறது, கதிரவன் ஒளியும் பாய்கிறது. உயிரைப் பறிப்பதற்கும் பயிரை வளர்ப்பதற்கும் தமிழ் ஒரே வினைச்சொல்லை வைத்திருப்பது வியப்பன்றோ?

இவ்விரு பொருளுக்கும் நம் தருமபுரி மாவட்டத்திலேயே சான்றுண்டு. புலியோடு பொருது மாண்ட வீரர்க்கு எடுத்த நடுகற்கள் இத்தகடூர் நாட்டில் நிற்கின்றன. ஒகேனக்கல்லில் பாறைகளினின்று பாயும் காவிரியோ, மேட்டூர் கடந்து சோழநாட்டு வயல்களை வாழ்விக்கின்றது.

ஆயின் பாய்ச்சல் தீதா, நன்றா? எதன்மேல், எதற்காக என்பதே வினா. தாருகவனத்து முனிவர்கள் செருக்கினால் வேள்வித்தீயினின்று ஒரு புலியை எழுப்பி இறைவன்மேல் ஏவினர். பெருமான் அதன் தோலை உரித்து உடையாக அணிந்தருளினார். செருக்கில் பிறந்த பாய்ச்சல் அங்கே அடங்கிற்று.

தில்லையில் மற்றொரு முனிவரோ புலிக்காலை வேண்டியே பெற்றார். பொழுது புலர்ந்தால் மலரில் வண்டு மொய்த்துவிடும்; விடியுமுன் ஏறினாலோ பனியில் நனைந்த மரம் வழுக்கும். ஆதலின் பூசைக்கு மலர் கொய்யப் புலியின் காலும் நகமும் கேட்டு, வியாக்கிரபாதர் எனப் பெயர் பெற்றார். கிழிக்கும் நகமே பூக்கொய்யும் கருவியாயிற்று!

இலக்கணமும் இதனையே உணர்த்துகின்றது. ‘பாய்’ என்பது தன்வினை. ‘பாய்ச்சு’ என்பது பிறவினை. புலி தானே பாயும். உழவனோ நீரைப் பாய்ச்சுகின்றான். வாய்க்கால் வழி வந்தால் விளைவு. கரை உடைத்து வந்தால் அழிவு. நீர் ஒன்றே.

நம் நெஞ்சின் வேகமும் அத்தகையதே. மழை குறைந்த இந்நாட்டில், நீர் பாய்ச்சும் முறைக்காக அண்ணன்மேல் தம்பி பாய்வதும் உண்டு. பயிர் வாடுமுன் உறவு வாடிவிடுகின்றது. அன்பர்களே, வேகத்தைக் கொல்ல வேண்டுவதில்லை. அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும். சினந்து எழும் நா ஐந்தெழுத்தை ஓதட்டும். அடிக்க ஓங்கிய கை உழவாரம் ஏந்தட்டும். பேச்சற்றுப் போன உடன்பிறப்பு இக்கூட்டத்திலேயே இருக்கக்கூடும். இன்றே நாம் முற்பட்டுச் சென்று திருநீறு அளிப்போம்.

தலைமேல் வீழ்ந்த தீர்த்தம் நெஞ்சினுள்ளும் பாய்வதாக!

திருச்சிற்றம்பலம்.