வெண்பனியில் ஓடும் விளையாட்டு லாரி



வாழ்நாளெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவன் விளையாட்டு லாரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். சிறுவன் தானே விரும்பிக் கையில் எடுக்கும் பொருள் எதுவோ அதுவே அவனுக்கு நல்ல பாடப்புத்தகம் என்பது, ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நான் கற்று, பிறகு வகுப்பறையில் கண்ட உண்மை. ஓய்வு பெற்ற பின் கனடா நாட்டின் டொராண்டோ நகரில், நம் மக்கள் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோ பகுதியில், என் மகள் இல்லத்தில் இரண்டு குளிர்காலங்கள் தங்கியிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பேரன் வானொலி அலைகளால் இயங்கும் லாரியைப் பனியில் ஓட்டுவான். அவனுடன் நின்று நான் அறிந்தவற்றையே இன்று சொல்லப் போகிறேன்.

பனி என்றதும் நம் நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. அங்கே பெய்வது வெண்பனி. பஞ்சைப் போல் இறங்கி முழங்காலளவு குவியும், மிதிபட்டால் இறுகும், சற்று உருகி மறுபடி உறைந்தால் கண்ணாடிபோல் வழுக்கும். அதன் மேல் ஓடும் ஊர்திக்கு ஒரே நாளில் சேறு, மணல், பாறை மூன்றும் எதிர்ப்பட்டது போன்ற சோதனை அது.

கம்பியில்லாமல் ஊர்தியைச் செலுத்தும் வித்தை புதிதன்று. நிக்கோலா டெஸ்லா 1898-ஆம் ஆண்டிலேயே நியூயார்க் நகரின் மாடிசன் சதுக்க அரங்கில் சிறு படகொன்றை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார். இன்றைய லாரி அந்தப் படகின் பேரப்பிள்ளை என்னலாம். உண்மை ஊர்தியின் பத்தில் ஒரு பங்கு அளவு. இரண்டு மூன்று கிலோ எடை. கையிலுள்ள கருவி அனுப்பும் ஆணையை ரிசீவர் வாங்குகிறது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிறது. சர்வோ என்னும் சிறு மோட்டார் முன்சக்கரங்களைத் திருப்புகிறது. யாவற்றுக்கும் உயிர் கொடுப்பது லித்தியம் பேட்டரி.

ஒரு நாள் லாரியைத் துடைக்கச் சொன்னபோது பேரன் கேட்டான்: “தாத்தா, தண்ணீர் புகாது என்று பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறதே, பிறகு எதற்குத் துடைக்க வேண்டும்?” நல்ல கேள்வி. ரிசீவர் ஓர் அடைப்பான பெட்டிக்குள் இருக்கிறது. கம்பிகள் நுழையும் வாயில் சிலிக்கோன் கிரீஸ் பூசப்பட்டிருக்கிறது. சர்வோவின் மூட்டுகளில் ரப்பர் வளையங்கள் உள்ளன. நீர் புகாது என்ற உறுதி இம்மின்கருவிகளுக்கு மட்டுமே உரியது. பேரிங்குகளும் திருகுகளும் இரும்புத் தண்டுகளும் அந்த உறுதிக்குள் அடங்கா. ஆகவே லாரி பனியில் ஓடும்போது கெடுவது குறைவு. ஓடி முடித்து வீட்டுக்குள் வந்த பிறகு கெடுவதே மிகுதி. இன்று நான் சொல்ல வந்த செய்தியின் சாரம் இதுதான்.

புறப்படுமுன் செய்ய வேண்டுவன சில. குளிரில் பேட்டரியின் ஆற்றல் குன்றும். ஆதலின் லாரியில் பொருத்தும் வரை அதைச் சட்டையின் உட்பையில் வைத்திருப்பது நலம். எண்ணெய் நிரப்பிய அதிர்வுதாங்கிகள் குளிரில் இறுகும். இலேசான எண்ணெய் மாற்றினால் சக்கரங்கள் மேடுபள்ளத்துக்கு இசைந்து கொடுக்கும். கைகால் போன்ற நைலான் உறுப்புகள் உலர்ந்தும் குளிர்ந்தும் இருக்கையில் எளிதில் முறியும். நைலான் சிறிதளவு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் துவண்டு கொடுக்கும் என்பதால், புதிய உறுப்புகளைச் சிலர் நீரில் ஊறவைத்த பின்பே பூட்டுகிறார்கள். டயருக்குள் இருக்கும் நுரைவளையம் நீர் குடித்தால் சக்கரம் கனத்து ஆடும். டயரின் நடுவில் சிறு துளைகள் இட்டால், சுழலும் வேகத்தில் நீர் வெளியே வீசப்பட்டுவிடும்.

ஓட்டும்போது வியப்பான ஒன்றைக் காணலாம். சுற்றிலும் உறைகுளிர், மோட்டாரோ தொட முடியாத சூட்டில் இருக்கும்! ஆழ்ந்த பனியைத் தள்ளிச் செல்வது பெருஞ்சுமை. மோட்டார்த் தண்டிலுள்ள சிறு பல்சக்கரத்தைப் பற்கள் குறைந்ததாக மாற்றினால் வேகம் சற்றுக் குறையும், மோட்டார் பிழைக்கும். அந்தச் சூட்டில் உருகிய பனி, ஊர்தி நின்றதும் பல்சக்கரங்களின் இடுக்கில் மறுபடி உறையும். உறைந்ததை விசையால் சுழற்ற முயன்றால் பற்கள் நொறுங்கும். லாரியின் அடியில் ஒரு தகடோ உறையோ கட்டிப் பனி சேராமல் தடுப்பது அறிவுடைமை.

இவ்விடத்தில் பெற்றோர் மனத்தில் இருத்த வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. உறைந்த குளத்தின் மேல் லாரி வழுக்கி ஓடும் அழகு சிறுவர்களைக் கவரும். அது நடுக்குளத்தில் நின்றுவிட்டால் எடுத்துவர ஓடத் தோன்றும். மூன்று கிலோ லாரியைத் தாங்கிய பனிக்கட்டி நாற்பது கிலோச் சிறுவனைத் தாங்கும் என்பது என்ன உறுதி? ஒருவர் நடந்து செல்லவே 15 சென்டிமீட்டர் கனம் வேண்டும் என்கிறது கனடாவின் செஞ்சிலுவைச் சங்கம். ஒரே குளத்தில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும். போன லாரி போகட்டும். பிள்ளை கரையில் நிற்கட்டும். குளத்தருகே ஓட்டுவதே இல்லை என்ற கட்டுப்பாட்டை எங்கள் வீட்டில் முதல் நாளே வகுத்துக்கொண்டோம்.

இனி, விளையாட்டு முடிந்தபின் செய்ய வேண்டியது. வாசலிலேயே பேட்டரியைக் கழற்றிவிட்டு, பனியைத் தூரிகையால் தட்டிவிட வேண்டும். உள்ளே சென்றால் அது நீராகி எல்லா இடுக்கிலும் புகும். வெதுவெதுப்பான அறைக்குள் குளிர்ந்த உலோகம் வந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் முத்து முத்தாய்ப் படியும். குளிர்ந்த நீர் நிறைந்த செம்பின் புறத்தே வியர்க்கக் காண்கிறோமே, அதே நிகழ்ச்சி. எனவே லாரி அறையின் வெப்பத்தை அடைந்த பின் மறுமுறையும் துடைக்க வேண்டும்.

தெருப்பனியை உருக்க அங்கே உப்புத் தூவுவார்கள். உப்புநீர் இரும்பைத் தின்னும் வேகம் நம் கடற்கரை ஊரார் அறிந்ததே. தெருவில் ஓடிய லாரியை முதலில் நன்னீரால் இலேசாக அலசி, காற்று ஊதி உலர்த்த வேண்டும். பின் திருகுகளிலும் தண்டுகளிலும் நீரை விரட்டும் திரவம் தெளிக்கலாம். 1953-ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவான டபிள்யூ.டி.-40 அத்தகையது, நீரை விரட்ட நாற்பதாம் முறை முயன்று கண்ட கலவை என்பதே அப்பெயரின் பொருள். ஆனால் அது பேரிங்கின் உள்ளிருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். பேரிங்குகளுக்குத் தனியே எண்ணெய் இட மறக்கலாகாது. ஒரு பேரிங்கின் விலை சொற்பம். அது துருவேறி இறுகினால் சக்கரம் தடைப்படும், மோட்டார் சூடேறும், பேட்டரி வீணாகும். ரிசீவர்ப் பெட்டியின் மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே சிக்கிய ஈரமும் போய்விடும்.

பேட்டரியைக் குளிர்ந்த நிலையில் மின்னேற்றுவது தீங்கு. பூஜ்ய டிகிரிக்குக் கீழே மின்னேற்றினால் லித்தியம் உலோகமாகவே எதிர்முனையில் படிந்து, கொள்ளளவைக் குறைப்பதோடு தீ விபத்துக்கும் வழி கோலும். அறையின் வெப்பத்துக்கு வந்த பின், எரியாத தளத்தின் மேல் வைத்து, பெரியவர் பார்வையில் மின்னேற்ற வேண்டும். நெடுநாள் ஓட்டாமல் வைப்பதானால், ஒவ்வொரு மின்கலத்திலும் சுமார் 3.8 வோல்ட் இருக்குமாறு விட்டுவைப்பது வழக்கம்.

நேயர்களே, அரைமணி விளையாட்டுக்கு அரைமணிப் பராமரிப்பு என்பது முதலில் பேரனுக்குக் கசந்தது. இரண்டாம் குளிர்காலத்தில் அவனே ஒரு பழைய துணியை விரித்து, திருகுகளை வரிசையாக அடுக்கி, “தாத்தா, இந்தப் பேரிங் கரகரக்கிறது, கேளுங்கள்” என்று என் காதருகே கொண்டுவந்தான். நீராவி படிதலையும், வெப்பத்தால் விரிதலையும், உலோகம் துருப்பிடித்தலையும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன் நான். அவன் அவற்றைத் தன் விரல்களால் கற்றுக்கொண்டான். பிள்ளைக்கு விளையாட்டுப் பொருள் வாங்கித் தரும் பெற்றோர், அதனுடன் ஒரு திருப்புளியையும் ஒரு துணியையும் சேர்த்துத் தாருங்கள். முதல் சில நாட்கள் அருகில் உட்கார்ந்து நீங்களும் துடையுங்கள்.